ஆட்டிசம் பற்றி ஆட்டிசம் உள்ளவரைக் கேட்பது

ஒரு குழந்தை இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்து பார்க்கிறார். "ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. சுற்றி இருப்பவர்களைக் கவனிப்பதில்லை" என்று எழுதிக்கொள்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் குழந்தையால் சொல்ல முடிந்திருந்தால் குறிப்பு வேறு மாதிரி இருந்திருக்கும்: "மேலே எரியும் டியூப்லைட்டின் ரீங்காரம் காதைக் குடைகிறது. ஆடினால் கொஞ்சம் தாங்க முடிகிறது."

இரண்டும் ஒரே நிமிடத்தைப் பற்றிய குறிப்புகள்தான். முதலாவதை நம்பினால் குழந்தை ஆடுவதை நிறுத்தப் பார்ப்போம். இரண்டாவதை நம்பினால் எழுந்துபோய் லைட்டை அணைப்போம்.

ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சியும் சிகிச்சையும் வெகுகாலம் முதல் வகைக் குறிப்பை வைத்தே நடந்தன. இரண்டாவது வகைக் குறிப்பை எப்படிப் பெறுவது, அதை ஏன் பெற்றே ஆக வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எனக்கு ஆட்டிசம் இல்லை. ஆகவே இதுவும் வெளியில் நின்று எழுதுவதுதான். முடிந்தவரை அவர்களே எழுதியதையும் ஆராய்ந்து சொன்னதையும் பிடித்துக்கொண்டு போகிறேன்.

முதலில் அடிப்படை. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. அது தொற்றாது; வளர்ப்பினாலும் வராது. வாழ்நாள் முழுக்க உடன் இருக்கும். பேசும் பழகும் விதம், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உணரும் விதம், ஒன்றில் மனதைக் குவிக்கும் விதம் எல்லாம் மற்றவர்களிலிருந்து மாறுபடும். ஒருவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவார்; இன்னொருவருக்கு ஒரு வார்த்தைகூடப் பேச வராது, குளிக்கவும் சாப்பிடவும் துணை வேண்டியிருக்கும். இருவரும் ஆட்டிசம் உள்ளவர்கள்தான். இந்த அகலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, பெயர். தமிழில் இதற்கு 'மதியிறுக்கம்' என்கிறார்கள். 'புற உலகச் சிந்தனை அற்ற நிலை' என்றும் ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. அந்த இரண்டாவது சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டியூப்லைட்டின் ரீங்காரம் வரை கேட்டுத் தவிக்கும் ஒருவருக்கு நாம் வைத்த பெயர் அது. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது என்பதுதான் அவர்களில் பலருடைய சங்கடமே. இது தமிழில் மட்டும் நடந்த தவறு என்று சொல்ல முடியாது. 'ஆட்டிசம்' என்ற சொல்லே 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தனக்குள்ளேயே அடைந்துகிடப்பவர் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்' என்று செய்திகளில் வருவதும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான். பாதிப்பு இருக்கிறதா, எதனால் பாதிப்பு என்பதை அவரைக் கேட்காமலேயே நாம் முடிவு செய்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடக்கிறது. பிரிட்டனில் 3,470 பேரிடம் கேட்டு 2016இல் வெளியான ஆய்வில், துறை வல்லுநர்கள் விரும்பிய சொல்லும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் விரும்பிய சொல்லும் வேறு வேறாக இருந்தன. தமிழில் 'ஆட்டிசம் உள்ளவர்' என்பது எனக்கு இயல்பாகப் படுகிறது. உங்கள் எதிரே இருப்பவர் வேறொரு சொல் கேட்டால் அதையே சொல்லுங்கள்.

சரி, கேட்காமல் விட்டதால் என்ன கெட்டுப்போயிற்று?

நிறைய. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனி நிலையாகப் பரவலாக அறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல், தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று வல்லுநர்கள் நம்பினார்கள். அந்தத் தாய்மார்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1964இல் அதை ஆதாரத்தோடு மறுத்து எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் உளவியலாளர். கூடவே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் பேசியபோதுதான் அந்தக் கதை கலையத் தொடங்கியது.

அப்புறம் பெற்றோரின் குரலுக்கு இடம் கிடைத்தது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களின் குரலுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 1993இல் கனடாவின் டொரன்டோவில் நடந்த ஒரு மாநாட்டில், ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேர் பெற்றோர்களைப் பார்த்துப் பேசினார். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்று துக்கப்படுகிறீர்கள். அந்தத் துக்கத்தை எங்கள் தலையில் இறக்காதீர்கள், நாங்கள் உயிரோடு உங்கள் முன்னால்தான் இருக்கிறோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். இன்றைக்குப் படித்தாலும் மனதைப் பிசைகிறது.

ஒலி, ஒளி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சில சத்தங்கள் வலிக்கும், சில துணிகள் தோலை அறுப்பது போலிருக்கும் என்று டெம்பிள் கிராண்டின் போன்றவர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோயறிதல் கையேட்டில் இது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது 2013இல்தான். சொன்னவர்கள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது இந்தத் துறையிலேயே மிகவும் பேர்பெற்ற ஒரு சோதனைக்கு வருவோம். இரண்டு பொம்மைகள்: சாலி, ஆன். சாலி ஒரு கோலிக்குண்டைத் தன் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துத் தன் பெட்டியில் ஒளித்து வைக்கிறாள். சாலி திரும்பி வருகிறாள். கோலியை எங்கே தேடுவாள்? கூடையில் என்பதுதான் சரியான விடை. ஏனென்றால் அவளுக்கு விஷயம் தெரியாது. 1985இல் இந்தச் சோதனையில் பங்கேற்ற ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறனில் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறை இருக்கிறது என்ற முடிவு அங்கிருந்து பரவியது. ஆய்வாளர்கள் கவனமாக எழுதியதுகூட ஊர் வாயில் விழுந்ததும் 'இவர்களுக்கு அடுத்தவர் உணர்வே புரியாது' என்றாகிவிட்டது.

பிரிட்டனின் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இதைத் திருப்பிப் போட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். அவர் கேட்டது இதுதான்: எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்கிறீர்கள். உங்களுக்கு எங்களைப் புரிகிறதா? இரண்டு பேர் பேசும்போது புரிதல் அறுந்துபோனால் பழி ஏன் ஒருவர் மேல் மட்டும் விழ வேண்டும்? வேறு வேறு விதமாக உலகத்தை உணரும் இருவர் சந்திக்கும்போது இருபக்கமும் வரும் சிக்கல் இது என்றார் அவர். 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

கேள்வி வந்த பிறகு சோதனைகளும் வந்தன. காதோடு காதாகச் சேதி சொல்லி, கடைசி ஆளிடம் என்ன போய்ச் சேர்ந்தது என்று பார்க்கும் விளையாட்டு தெரியுமல்லவா? கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட அதுதான். எட்டு எட்டுப் பேராகச் சங்கிலிகள். சிலவற்றில் எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்கள். சிலவற்றில் எல்லோரும் இல்லாதவர்கள். சிலவற்றில் மாற்றி மாற்றி. ஒரு கதை முதல் ஆளிடமிருந்து கடைசி ஆளுக்குப் போக வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களே இருந்த சங்கிலியில் கதை மற்றவர்களின் சங்கிலியில் போன அளவுக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்தது. கலந்திருந்த சங்கிலியில்தான் அதிகம் உதிர்ந்தது. பிறகு 2025இல் இன்னும் நிறையப் பேரை வைத்து இதையே மறுபடி செய்தபோது கலப்புச் சங்கிலியில் அப்படி உதிரவில்லை என்று வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், விஞ்ஞானம் இப்படித்தான் நகர்கிறது. ஆனால் இரண்டு முறையும் ஒன்று மாறவில்லை: ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்வதில் யாருக்கும் குறைந்தவர்களாக இல்லை.

இன்னொரு ஆய்வு என்னை நிறைய யோசிக்க வைத்தது. 2017இல் நோவா சாசன் குழுவினர் செய்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடிப் பதிவுகளை, யாருக்கு ஆட்டிசம் என்று சொல்லாமல் மற்றவர்களிடம் காட்டினார்கள். இவரோடு பழகுவீர்களா, பக்கத்தில் உட்காருவீர்களா என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது, அதுவும் அந்தச் சில நொடிகளிலேயே. படமாகப் பார்த்தாலும், குரலாக மட்டும் கேட்டாலும் அப்படியே. ஆனால் அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை. முகத்தையும் குரலையும் வைத்து நாம்தான் ஒதுக்கியிருக்கிறோம். பழகும் திறனைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஆட்டிசம் உள்ளவரை மட்டும் வகுப்பில் உட்கார வைக்கும் வழக்கம் சரிதானா என்று இதைப் படித்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

## உதவி என்ற பெயரில்

ஆராய்ச்சியில் நடந்த பிசகு ஏட்டோடு நிற்பதில்லை. அது ஒரு குழந்தையின் செவ்வாய்க்கிழமை காலையாக மாறும்.

பயிற்சி இலக்குத் தாள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'கேட்டவுடன் கண்ணைப் பார்த்தல்: பத்துக்கு எட்டு முறை. கையை உதறுதல்: குறைக்க வேண்டும். நாற்காலியில் அசையாமல் உட்காருதல்: 15 நிமிடம்.' இந்த மூன்றிலும் யாருக்கு என்ன நன்மை? கண்ணைப் பார்ப்பது அவனுக்குத் தெம்பு தருகிறதா, நமக்கு நிம்மதி தருகிறதா? கண்ணைப் பார்த்தால் காது கேட்பது தடுமாறுகிறது, இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடிகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் "கண்ணா, என்னைப் பார்" என்று சொல்லிச் சொல்லி, அவன் நம் பேச்சைக் கேட்பதை நாமே கெடுத்துக்கொண்டிருக்கலாம்.

கை உதறுவது, ஆடுவது, ஒரே சொல்லை முணுமுணுப்பது. இவற்றைப் பற்றி ஸ்டீவன் காப் குழுவினர் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் நேரடியாகவே கேட்டு 2019இல் எழுதினார்கள். பதற்றம் ஏறும்போது சமாளிக்க, சத்தம் தாங்காதபோது நிலைப்பட, சந்தோஷம் தாங்காதபோது அதை வெளியே விட என்று அவர்கள் சொன்னார்கள். அதை ஒழிக்க நினைக்கும் சிகிச்சை வேண்டாம் என்றும் சொன்னார்கள். தன்னையே அடித்துக்கொண்டு காயப்படுத்திக்கொள்வது வேறு விஷயம். அங்கே தலையிடத்தான் வேண்டும். அங்கேயும் முதல் கேள்வி 'எதனால்?' என்பதாக இருக்கட்டும். காது வலியாகவோ பல் வலியாகவோகூட இருக்கலாம்.

இந்த மாதிரி இலக்குகள் எங்கிருந்து வந்தன? 1987இல் ஐவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி கொடுத்ததில், 19 பேரில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போல ஆகிவிட்டதாக அதில் சொல்லப்பட்டது. வெற்றிக்கு அளவுகோலே 'மற்றவர்களைப் போல' என்பதுதான். சத்தமாக 'நோ' சொல்வதும் தொடையில் அடிப்பதும் அந்த முறையில் இருந்ததாக அதே அறிக்கையில் எழுதியிருக்கிறது. இன்றைய பயிற்சிகள் பெரும்பாலும் அடிப்பதைக் கைவிட்டுவிட்டன. அளவுகோலை எல்லோரும் கைவிட்டுவிட்டார்களா என்பதுதான் என் கவலை.

மற்றவர்களைப் போலக் காட்டிக்கொள்ள முடியும். அதற்கு ஒரு விலை உண்டு. நாள் முழுக்கக் கையை அடக்கி, முகத்தை மாற்றி, பேசப்போகும் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு வீடு வந்து சேரும்போது ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. இப்படி மறைத்து வாழ்வதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை சாரா காசிடி குழுவினரின் 2018 ஆய்வு காட்டியது. மாதக்கணக்கில் நீளும் களைப்பு, முன்பு செய்துகொண்டிருந்த வேலைகள் கைவராமல் போவது, சத்தம் வெளிச்சம் முன்னைவிடத் தாங்காமல் போவது என்று ஒரு நிலையைப் பற்றி ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். மருத்துவ ஏடுகளில் அதற்கு இடமே இல்லை. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டோரா ரேமேக்கரும் உடன் இருந்தவர்களும் அதை முறையாக ஆராய்ந்து 2020இல் எழுதிய பிறகுதான் வல்லுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மருந்துச் சோதனை என்றால் பக்கவிளைவு என்ன என்று கேட்போம். சின்னக் குழந்தைகளுக்கான ஆட்டிசப் பயிற்சிகளைப் பற்றிய 150 அறிக்கைகளை கிறிஸ்டன் பாட்டமா-பியூட்டல் குழுவினர் புரட்டிப் பார்த்தபோது, மிகப் பெரும்பாலானவற்றில் தீங்கு ஏதும் நேர்ந்ததா என்ற பேச்சே இல்லை. தீங்கு இல்லை என்று எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. பார்க்கவே இல்லை.

## சேர்த்துக்கொள்வது என்றால்

ஆராய்ச்சியில் சேர்ப்பது என்றதும் பலர் ஒரு கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பதை நினைக்கிறார்கள். எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டு, காப்பி கொடுத்து, தலையாட்டச் சொல்லி அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை. எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் இடத்திலேயே அவர்கள் உட்கார வேண்டும். அமெரிக்காவில் 2006இல் கிறிஸ்டினா நிகொலாய்டிஸும் மேலே சொன்ன ரேமேக்கரும் தொடங்கிய ஆய்வுக் குழு இதற்கு நல்ல உதாரணம். கேள்வியை வகுப்பதிலிருந்து முடிவை எழுதுவது வரை ஆட்டிசம் உள்ளவர்கள் சமமான கூட்டாளிகள்.

அப்படி உட்கார்ந்தால் என்ன மாறும்? ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். 'நண்பர்களோடு இருப்பது உங்களுக்குப் பிடிக்குமா? எப்போதும், அடிக்கடி, எப்போதாவது' என்று படிவத்தில் ஒரு கேள்வி. நமக்கு எளிது, ஏதோ ஒன்றில் டிக் அடித்துவிட்டுப் போவோம். ஆட்டிசம் உள்ள ஒருவர் நின்றுவிடுவார். எந்த நண்பர்கள்? ஒருவரா, பத்துப் பேரா? நேரிலா, எழுத்திலா? 'அடிக்கடி' என்றால் வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா? பதில் எழுதாமல் விட்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்று பதிவாகும். ஏதோ ஒன்றை எழுதினால் தரவே தப்பாகும். கேள்வி மங்கலாக இருந்தது என்று யாருமே எழுதமாட்டார்கள். அந்த அமெரிக்கக் குழு இப்படிப்பட்ட படிவங்களை வரிவரியாகத் திருத்தியது. இது மரியாதைக்காக மட்டும் செய்வது இல்லை. கணக்கே இப்படிச் செய்தால்தான் சரியாக வரும்.

பணம் எங்கே போகிறது என்பதும் இதில் சேர்ந்தது. பிரிட்டனில் லிஸ் பெலிகானோ குழுவினர் 2013இல் கணக்குப் பார்த்தபோது, ஆட்டிச ஆராய்ச்சிக்கான நிதியில் பாதிக்கு மேல் உயிரியல், மூளை, அறிதிறன் பக்கம் போயிருந்தது. அன்றாட வாழ்க்கைக்கு உதவும் சேவைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்றது மிகச் சிறு பங்கு. ஆட்டிசம் உள்ளவர்களும் குடும்பத்தினரும் அதிகம் கேட்டதோ இந்த இரண்டாவதைத்தான். அதே நாட்டில் 2021 ஆகஸ்டில், ஆட்டிசம் உள்ள 10,000 பேரின் மரபணுத் தரவைத் திரட்டும் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். எதற்காக, நாளை யார் கையில் போகும், கருவிலேயே கண்டுபிடித்து ஒதுக்குவதற்கா என்ற கேள்விகள் கிளம்பின. சில வாரங்களிலேயே திட்டத்தை நிறுத்திவைத்து, கலந்தாலோசிக்கிறோம் என்றார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

## பேசாதவரை எப்படிக் கேட்பது

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு வரும். "மேடையில் பேசுபவர்களும் கட்டுரை எழுதுபவர்களும் என் மகளுக்காக எப்படிப் பேச முடியும்? அவளுக்கு 22 வயது, ஒரு சொல் வராது, இரவில் தூங்கமாட்டாள்" என்று ஓர் அம்மா கேட்டால், அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. அந்த அம்மாவின் இருபத்திரண்டு வருடமும் அறிவுதான். ஆட்டிசம் உள்ளவர்களுக்குள்ளும் கருத்து ஒன்றில்லை. சிலர் மருந்து வேண்டும் என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எல்லோரையும் கேட்டாயிற்று என்று சொல்ல முடியாது.

ஆனால் பேச்சு வராததால் கருத்தும் இல்லை என்றாகிவிடாது. மிஷெல் டாசன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளரும் குழுவினரும் 2007இல் ஒன்று காட்டினார்கள். பேச்சையும் கேள்வி பதிலையும் பெரிதும் நம்பியிருக்கும் வழக்கமான அறிவுத்திறன் தேர்வுக்குப் பதில், வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் தேர்வைக் கொடுத்தால், அதே ஆட்டிசம் உள்ள குழந்தைகள், நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் சராசரியாக 30 இடங்கள் மேலே போனார்கள். குழந்தை மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது.

கேட்கும் ஆர்வத்தில் ஏமாந்துவிடவும் கூடாது. பேசாதவரின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொட வைக்கும் ஒரு முறை 1990களில் பரவியது. நீளமான வாக்கியங்கள் வந்தன, பெற்றோர்கள் அழுதார்கள். முறையாகச் சோதித்தபோது, கையைப் பிடித்தவருக்குத் தெரிந்த விடைதான் வந்தது, பிடிக்கப்பட்டவருக்குத் தெரிந்தது வரவில்லை. கையைப் பிடித்தவர்தான் தன்னை அறியாமலே எழுதியிருக்கிறார். இன்னொருவரின் சொல்லைப் பேசாதவரின் வாயில் வைப்பதும் அவரைக் கேட்காமல் விடுவதுதான்.

நம்பிக்கையான வழிகள் இருக்கின்றன. தானே விரல் வைத்துத் தொடும் படப்பலகை, குரல் தரும் டேப்லெட், தட்டச்சு, சைகை. அதற்கும் முன்னால், உடம்பு சொல்வதைப் படிப்பது: எந்த அறைக்குள் நுழையும்போது காலைப் பின்னால் வைக்கிறாள், யார் வந்தால் தோள் தளர்கிறது, எந்தப் பயிற்சிக்குப் பிறகு இரவு தூக்கம் போகிறது. இதை நாள்வாரியாகக் குறித்து வைக்கும் அம்மா ஒரு நல்ல ஆய்வாளர்தான்.

பலகை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆசிரியரோ பயிற்சியாளரோ பெற்றோரோ, உங்கள் குழந்தையின் பலகையை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். 'தண்ணீர்', 'சாப்பாடு', 'விளையாட்டு', 'கழிப்பறை' எல்லாம் இருக்கும். 'வேண்டாம்' இருக்கிறதா? 'நிறுத்து'? 'வலிக்கிறது'? 'இது எனக்குப் பிடிக்கவில்லை'? இல்லையென்றால், கேட்டு வாங்குவதற்கு மட்டும்தான் நாம் அவளுக்குச் சொல் கொடுத்திருக்கிறோம். அந்தப் படங்களைச் சேருங்கள். முதல் வாரம் அவள் 'வேண்டாம்' என்பதையே நாளுக்கு நாற்பது முறை தொடுவாள். சாப்பாட்டுக்கு, சீப்புக்கு, உங்கள் பயிற்சிக்கு. உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். சில நேரம் அவள் வேண்டாம் என்றாலும் செய்துதான் ஆக வேண்டியிருக்கும். அப்போது "நீ வேண்டாம் என்கிறாய், எனக்குப் புரிகிறது, இந்த மருந்து மட்டும்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அந்தப் படத்தை மட்டும் பலகையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.